வண்டு படித்துக் காட்டினாள்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

போன வாரம் போனை நீ வைத்தாயா, நான் வைத்தேனா என்று ஞாபகம் இல்லை. நீதான் வைத்தாய் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நடுவில் புகுந்து "போதும் நிறுத்து" என்று உன்னால் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

எங்கள் நிகழ்ச்சியை ஊற்றி மூடப் போகிறார்கள். பள்ளிக்கூடம் சேராத பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிற ஒரே நிகழ்ச்சி அரசுத் தொலைக்காட்சியில் எங்களுடையதுதான். விளம்பரம் கிடையாது, காசு கொடுக்க வேண்டாம், பெட்டியைப் போட்டால் போதும். புதிதாக வந்திருக்கிற இயக்குநருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. யாரையோ வைத்து ஒரு ஆய்வு எடுத்திருக்கிறார். எங்களைப் பார்க்கிற பிள்ளைக்கும் பார்க்காத பிள்ளைக்கும் படிப்பில் ஒரு வித்தியாசமும் இல்லையாம். கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு, "இதப் பாத்துப் படிக்கக் கத்துக்கிட்ட ஒரு பிள்ளையையாவது காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏன், எங்க தம்பி பொண்ணு இல்லயா? பள்ளிக்கூட வாசலயே மிதிக்காம முழுக் கதையும் வாசிச்சா!" என்று எழுந்து சொல்லிவிட்டேன். சரி, அழைத்து வாருங்கள் என்று நாள் கொடுத்துவிட்டார்கள். மார்ச் ஆறு. பரிசீலனைக் குழு முன்னால் வண்டு வந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது தப்புதான். போனில் அதைச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் நீ குதித்தாய். ஆனால் கொஞ்சம் யோசி. பொம்மைக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த ஆட்டுப் பொம்மை கொம்பனைத் தவிர அவர் கைக்கு வேறு ஒன்றும் தெரியாது. எடிட்டர் போன வருஷம்தான் வீடு மாறினார். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எனக்குப் பிள்ளை இல்லை, குட்டி இல்லை, இது ஒன்றுதான்.

ரயில் டிக்கெட்டை நானே எடுத்து அனுப்புகிறேன். வண்டுவிடம் அத்தை முத்தம் கொடுத்ததாகச் சொல். இன்னும் அதே மாதிரி எந்நேரமும் ரீங்காரம் போட்டுக்கொண்டுதான் திரிகிறாளா?

அக்கா

---

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

போனை வைத்தது நான்தான். நீ சொல்லி வைத்தது சரி.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. வண்டுவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஏழு வயது முடியப் போகிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். சொன்னால் நீ அழுவாய், இல்லாவிட்டால் சிரிப்பாய். இரண்டையும் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இந்த ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே, நீ கொடுத்த கொம்பன் ஆட்டுக்கதைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்தாள். டீச்சர் மற்ற டீச்சர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவு முழுக்க இந்தக் கதையைச் சொல்லித் தம்பட்டம் அடித்தேன். வருஷம் பூராவும் எவரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளையை யார் சோதிப்பார்கள்? இந்த வருஷம் புது டீச்சர். அதே கதையில் இரண்டு வரியை முன்பின்னாக மாற்றிப் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார். இவள் பழைய வரிசையிலேயே சொல்லியிருக்கிறாள். வேறு ஏதேதோ எழுதிப் பார்த்திருக்கிறார். அதற்கும் ஆட்டுக்கதைதான்.

என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது சண்டைக்குப் போனேன். "எங்க அக்கா யாருன்னு தெரியுமா உங்களுக்கு? டிவியில நாட்டுக்கே எழுத்துச் சொல்லிக் குடுக்கிறவங்க!" என்று கத்தினேன்.

வீட்டுக்கு வந்து வாசலில் இருக்கிற மீட்டர் பெட்டி முன்னால் வண்டுவை நிறுத்தினேன். சிவப்பில் "அபாயம்" என்று எழுதியிருக்கும். இது என்ன கண்ணு என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள். அப்புறம், "கொம்பன்" என்றாள்.

எப்படி இது நடந்தது என்று உனக்குத் தெரியவில்லையா, அக்கா? நாம் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தபோது நீ சமையலறையில் நடந்துகொண்டே வசனத்தை ஒத்திகை பார்ப்பாய். அவள் உன் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பாள். இரண்டு நாள் கழித்து உங்கள் டிவி நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போய், அதே பாடத்தைப் போட்டுக் காட்டி, குழந்தைக்குப் புரிகிறதா என்று பார்ப்பீர்கள். கேள்வித்தாளை முதல்நாளே வாசித்துக் காட்டிவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி. அவள் பட்டுப் பட்டென்று சொல்வாள். நீங்கள் எல்லாரும் கைதட்டுவீர்கள். நானும் தட்டினேன்.

அவள் வரமாட்டாள். டிக்கெட் அனுப்பாதே.

தம்பி

---

பிப்ரவரி 17

டேய்,

அந்த டீச்சருக்குப் பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொல். புரிந்துகொள்கிறேன். பயமுறுத்தினால் எந்தப் பிள்ளையும் உளறத்தான் செய்யும். ஆறடி உயரத்தில் அப்பன்காரன் மீட்டர் பெட்டி முன்னால் நிறுத்தி மிரட்டினால் நானே "கொம்பன்" என்றுதான் சொல்வேன். என் காதில் பூச்சுற்றாதே. எங்கள் ஸ்டுடியோவில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு எழுத்து அட்டையைக் காட்டக் காட்ட ஒன்றுவிடாமல் சொன்னவள் அவள். என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் வேலையில் "மூச்சு" என்று ஒன்று உண்டு. உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நான் அட்டையைக் காட்டிக் கேள்வி கேட்பேன். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன், கேமராவையே பார்த்துக்கொண்டு. வீட்டில் இருக்கிற பிள்ளை பதில் சொல்ல விடுகிற இடைவெளி அது. அப்புறம் "சரியா சொன்னியே!" என்பேன். ஒரு மூச்சு எவ்வளவு நீளம் என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. வண்டு பதில் சொல்ல எத்தனை நேரம் எடுத்தாளோ அத்தனை நேரம். அவளை முன்னால் உட்கார வைத்துத்தான் எடிட்டர் ஒவ்வொன்றையும் வெட்டினார். இத்தனை வருஷ நிகழ்ச்சியும் அவள் மூச்சில் ஓடுகிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாதாம்! நல்ல கதை.

(மறுநாள்)

நேற்று எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். மனசு வரவில்லை.

இரண்டு மூன்று வருஷமாகத் தாய்மார்கள் நிலையத்துக்கு எழுதுகிறார்கள். "எங்கள் பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நீங்கள் 'சரியா சொன்னியே' என்றுவிடுகிறீர்கள், இவன் வாயை மூடிக்கொள்கிறான்" என்று. நான் எல்லாருக்கும் கொம்பன் படம் போட்ட நன்றி அட்டை அனுப்பி வைத்தேன். மந்தமான பிள்ளைகள் போல என்று நினைத்துக்கொண்டேன். நீ சொல்வது உண்மையாக இருந்தால், நான் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளை வாயை... வேண்டாம். அதை யோசிக்க ஆரம்பித்தால் நான் நாளைக்கு ஸ்டுடியோவுக்குள் போக முடியாது. நீ சொல்வது உண்மை இல்லை.

உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். ஆட்டுக்கதை ஒன்றுதான், அதை மட்டும் வாசிக்கட்டும். வேறு எதையும் அவள் கையில் கொடுக்க விடமாட்டேன். இன்னொன்று. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில், எழுத்து பிடிபடாத பிள்ளைகளுக்கென்றே ஒரு தனி டாக்டரம்மா இருக்கிறாராம். எங்கள் மேக்கப் பெண்ணுக்குத் தெரிந்தவர். கூட்டத்துக்கு மறுநாளே காட்ட ஏற்பாடு செய்கிறேன். டிக்கெட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கோபத்தில் கிழித்துவிடாதே.

அக்கா

---

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

வருகிறோம். டாக்டரம்மாவுக்காகத்தான் போகிறோம் என்று என் மனைவியிடம் சொன்னேன். "எனக்குக் காது குத்தாதீங்க. உங்க அக்காவுக்காகப் போறீங்க" என்றாள். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் எல்லாம் தெரிகிறது.

உண்மையைச் சொன்னால் நான் வருவது உனக்காகவும் இல்லை. அங்கே ஆட்டுக்கதையைத்தான் வாசிக்கச் சொல்வார்கள் என்று நேற்று வண்டுவிடம் சொன்னேன். புத்தகத்தை எடுத்து வந்து வாசித்தாள். விரல் வரிக்குக் கீழே ஓடுகிறது. சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்புகிறாள். எங்கே கொம்பன் பேசுகிறானோ அங்கே குரல் மாறுகிறது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அந்த டீச்சர்தான் தப்பாகப் பார்த்தாரோ, ஒருவேளை நீ சொல்வது சரியோ என்று. அப்படி ஒரு ஆசை. அந்த ஆசையில்தான் வருகிறேன்.

ஆட்டுக்கதை மட்டும். வேறு ஒரு துண்டுக் காகிதம்கூட அவள் முன்னால் வரக் கூடாது. நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய்.

அவளுக்குப் புதுச் சட்டை வாங்கியிருக்கிறேன். மஞ்சள். அவளே எடுத்தது.

தம்பி

---

மார்ச் 12

அக்கா,

உள்ளே என்ன நடந்தது?

நான் அந்த நீளமான நடைபாதையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெற்றோர் உள்ளே வரக் கூடாது, பார்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் முதலில் அவள் குரல் கேட்டது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றுகொண்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மறுபடி அவள் குரல். அப்புறம் சிரித்தார்கள். ஒருவர் இல்லை, நிறையப் பேர்.

கதவைத் திறந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ வெளியே வரவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு மறுநாள் நாங்களாகத்தான் வழி கேட்டுப் போனோம்.

அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. அரை நாள் அவளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் குறை இல்லை, காதில் குறை இல்லை, புத்தி நல்ல கூர்மை. எழுத்து மட்டும் உள்ளே நிற்கவில்லையாம். எத்தனை தடவை காட்டினாலும் அவளுக்கு அது புதுசுதானாம். "ஞாபகசக்தி இவ்வளவு இருக்கறதுனாலதான் யாருக்கும் தெரியல. அஞ்சு வயசுல கொண்டு வந்திருந்தா நான் நிறைய செஞ்சிருப்பேன்" என்றார். இப்போது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயிற்சி உண்டு, வாரம் மூன்று தடவை அங்கே வர வேண்டும், அதுவும் அடுத்த வருஷம்தான் இடம் இருக்கிறது என்றார். வாரம் மூன்று தடவை வர எங்கள் ஊரிலிருந்து பகலெல்லாம் ரயில். வேலையை விட்டுவிட்டு வா என்று நீ சொல்வாய். இந்த வேலை கிடைக்காமல் எத்தனை வருஷம் உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று உனக்குத் தெரியாதா?

ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். ரீங்காரம் நின்றுபோயிருக்கிறது. வீடு இவ்வளவு நிசப்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை.

என்ன நடந்தது என்று கேட்டால் பிள்ளை சொல்லமாட்டேன் என்கிறாள். நீயாவது சொல்.

தம்பி

---

மார்ச் 19

தம்பிக்கு,

வெளியே வர எனக்கு முகம் இல்லை. உன் கடிதம் வந்து மேசை மேல் கிடந்தது. பிரிக்கவும் பயம்.

ஆட்டுக்கதையை அழகாக வாசித்தாள். குழுவில் ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சு இவ்வளவு பெரிதாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று எடிட்டர் என் காதோரம் சொன்னார். அப்போது குழுத் தலைவர், கெட்ட எண்ணத்தில் இல்லை, பிரியமாகத்தான், "வாடா கண்ணு, இதையும் படி பாக்கலாம்" என்று மேசையில் இருந்த ஆய்வு அறிக்கையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். நான் பாதி எழுந்தேன். "அது பெரியவங்க படிக்கறது சார்" என்றேன். "தலைப்ப மட்டும் படிக்கட்டுமே" என்றார்.

வண்டு அதை வாங்கி நிமிர்ந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை. விரலை அறிக்கையின் மேலட்டையில் வைத்து, "கொம்பன் ஒரு நாள் காட்டு வழியே போனான்" என்று ஆரம்பித்தாள். என் குரலில். என் குரலிலேயே, தம்பி, நான் மூக்கால் பேசுவது உட்பட. பாதியில், "கொம்பன் கையில என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள். தலைவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் பதில் சொல்லட்டும் என்று மூச்சு விட்டாள். அப்புறம், "சரியா சொன்னியே!" என்றாள்.

அப்போதுதான் சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. அவர் அறிக்கையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, "போதும்மா, நல்லா இருந்தது" என்றார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

நிகழ்ச்சி இந்த மாதத்தோடு சரி. அந்த நேரத்தில் சந்தை நிலவரம் வரப் போகிறது. பொம்மைக்காரர் கொம்பனை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். அது நிலையத்துச் சொத்து, கிடங்கில் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வண்டுவை வைத்து எடுத்த பழைய சோதனைப் பதிவுகளை நேற்று போட்டுப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரிதான். நான் அட்டையைத் திருப்புவதற்கு முன்னாலேயே அவள் உதடு அசைகிறது. எல்லாப் பதிவிலும். எத்தனை தடவை இதைப் பார்த்திருக்கிறேன்! எடிட்டரும் பார்த்திருக்கிறார். "எவ்வளவு வேகமா இருக்கா பாருங்க மேடம்" என்று ரசித்துக்கொண்டிருந்தோம். அவள் வேகத்துக்கு நாட்டில் எந்தப் பிள்ளையாலும் ஓடி வந்திருக்க முடியாது. அந்தத் தாய்மார்களுக்கெல்லாம் திரும்ப எழுதலாம் என்று உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? அந்தப் பிள்ளைகள் இந்நேரம் வளர்ந்திருப்பார்கள்.

அங்கே வரட்டுமா? எனக்கு இனி வேலை இல்லை. தினமும் அவளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். நீ சம்மதிக்கமாட்டாய், தெரியும். உன் மனைவி கதவைத் திறக்கமாட்டாள், அதுவும் தெரியும். அதனால் ஒரு தாள் மட்டும் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். வண்டுவுக்கு. பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீ ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு அவளிடமே கொடு. அவள் பேரில் ஒரு கடிதம் வந்ததென்று அவளுக்கு இருக்கட்டும்.

அக்கா

---

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் தாளை வண்டுவுக்குப் படித்துக் காட்டினேன். சட்டென்று முகம் தெளிந்தது. கூட்டத்துக்குப் பிறகு முதல்தடவையாக. நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. "நீ ஒரு குற்றமும் செய்யவில்லை, அத்தைதான் அவசரப்பட்டுவிட்டேன், உன் மேல் அத்தைக்குக் கோபமே இல்லை" என்று. பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு முடித்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே குரல் கேட்டது. தாளை மடியில் விரித்துவைத்து அவள் அம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. விரல் ஓடுகிறது. நான் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் நிறுத்தினாள். என் மாதிரியே தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். என் மனைவி எல்லாம் தெரிந்தவள். தெரிந்தும் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிவிட்டாள். தட்டின பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை.

வண்டு என்னைப் பார்த்து, "அப்பா, நான் படிச்சுட்டேன். பள்ளிக்கூடத்துல சொல்றியா?" என்றாள்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து அவளை வகுப்பிலிருந்து பிரித்து வேறு ஒரு அறையில் உட்கார வைக்கப் போகிறார்கள். அவளைப் போல இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். படம் தீட்டச் சொல்வார்களாம். டீச்சர் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதை நான் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு சொல். அது ஒன்று தெரிந்துவிட்டால்கூடப் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். உன் தாளில் "அத்தை" என்று எட்டோ ஒன்பதோ இடத்தில் எழுதியிருக்கிறாய். "கண்ணு, இதுல 'அத்தை' எங்க இருக்கு? அப்பாவுக்குக் காட்டு" என்றேன்.

தாளைப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். அவசரமே படுத்தாமல் நானும் காத்திருந்தேன். கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து முழுத்தாளையும் மூடிக்கொண்டாள்.

"இதுல பூராவும் அத்தைதாம்பா" என்றாள்.

கையை எடுக்கவே இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த கடிதம் எப்போது வரும் என்று கேட்கிறாள்.

எனக்கு எழுது, அக்கா. எத்தனை வேண்டுமானாலும் எழுது. அவளுக்கு எழுதாதே.

தம்பி